விரல் திரும்பும் இடம்

பலகாரம் சுடுவது எளிது. அதைக் கைபேசியில் விற்பதுதான் பெரும்பாடு. அடுப்போடு மல்லுக்கட்டும் சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஏலப்பாறையில் என் அச்சுமுறுக்கையும் முந்திரிக்கொத்தையும் விற்க, அக்கா மகள் ஷைனி ஒரு ஆப் செய்து தந்தாள். "கிறிஸ்துமசுக்குள்ள ஒரு ஆர்டராவது வரணும், இல்லன்னா கடையைக் கட்டு" என்று கெடு வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். விற்பனைக்கு வைத்ததை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று நான் போட்ட சட்டத்தில் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு.

கண்ணில்லாத சிஸ்டர்

பட்டியலில் கீழே போகப்போக, படங்களுக்கு வழிவிட்டு 'ஆர்டர்' பொத்தான் ஒளிந்துகொள்ளும். மேலே திரும்பினால் தலைகாட்டும். "விரலை மேலேதானே தள்ளுறேன், கீழே போறேன்னு எப்படிச் சொல்லுது? கண்ணு அவிஞ்சு போச்சா அதுக்கு?" என்று ஷைனியிடம் எகிறினேன்.

பட்டியலில் இப்போது நிற்கும் இடத்தைச் சற்றுமுன் நின்ற இடத்தோடு அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறதாம். பட்டியலின் தலையிலிருந்து தூரம் கூடினால் கீழே, குறைந்தால் மேலே. அவ்வளவுதான்! கரும்பலகையில் எழுதிக்கொண்டே கடைசி பெஞ்சில் எவள் திரும்பினாள் என்று சொல்லும் எங்கள் கான்வென்ட் சிஸ்டரை நினைத்துக்கொண்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஷைனி அலட்டிக்கொள்ளவில்லை: "அது உங்க விரலைப் பாக்கல சித்தி, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாக்குது."

ஜீப்பில் மின்மினி

தேயிலைக் கொழுந்து எடுக்கும் செல்வி, வேலைக்குப் போகும் ஜீப்பில் ஆப்பைத் திறந்திருக்கிறாள். எஸ்டேட் ரோடு உங்களுக்குத் தெரியுமே. ஜீப் தூக்கிப்போடும்போதெல்லாம் கட்டைவிரல் மேலும் கீழும் நழுவ, பொத்தான் மின்மினி மாதிரி வந்து வந்து மறைந்ததாம்.

சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காதே, கொஞ்ச தூரம் நகர்ந்தால்தான் திசை மாறியதாக எடுத்துக்கொள் என்று ஷைனி அதற்குப் புத்தி சொன்னாள். மறுநாள் அதே ஜீப், அதே பள்ளம், பொத்தான் அசையவில்லை. செல்வி வாயைப் பிளந்தாள்: "வண்டி குலுங்குறதுக்கும் எம் மனசு மாறுறதுக்கும் வித்தியாசம் தெரியுதேக்கா! எங்க சூப்பர்வைசருக்கு இது தெரியாது."

ஆனால், ஆர்டர் போடவில்லை.

ரோஸ் டீச்சர்

பக்கத்து வீட்டு ரோஸ் டீச்சர் எதையும் கடைசி வரி வரை வாசிப்பவர். பட்டியலின் அடிக்கே போய்விட்டார். அங்கே பொத்தான் இல்லை. மேலே திரும்பினால்தானே வரும்! ஆப்பை மூடிவிட்டு பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு வந்தவர், வேலியோரம் நின்று சொன்னார்: "பாடம் பூரா படிச்சிட்டேன் பிலோமி, பரீட்சை ஹால் கதவைத்தான் காணோம்."

கெடு முடியும் மத்தியானம்

பட்டியல் முடியும் இடத்திலும் பொத்தான் நிற்கட்டும் என்று ஷைனி மாற்றிவிட்டாள். அப்படியும் ஒருவரும் வரவில்லை. நாளை கிறிஸ்துமஸ். "யாரு வாங்குவா இதையெல்லாம்?" என்று வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து தன் போனில் பட்டியலைச் சரசரவென்று கீழே தள்ளினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்திரிக்கொத்தைத் தாண்டிப் போன கட்டைவிரல் நின்றது. பிறகு, மெல்ல மேலே வந்தது. சொல்லி வைத்ததுபோல் பொத்தானும் வந்தது.

சமையலறையில் என் போன் மணியடித்தது. முதல் ஆர்டர், அவர் பெயர். எட்டிப்பார்த்தேன். மனுஷன் தலை நிமிரவில்லை: "நான் சும்மா திரும்பித்தான் பாத்தேன், அது எடுத்து நீட்டிருச்சு!"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் மனசு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருக்க, ஒரு பலகாரப் பட்டியல் அதை ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டது.