புரட்டாசியில் மெக்சிகோ

மெக்சிகோ வரை போய்க் கடற்கரையில் உட்கார்ந்து தக்காளித் தொக்கும் சோறும் தின்றுவிட்டு வந்த குடும்பம் நாமக்கல் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. சித்தப்பாவுக்கு மெக்சிகோவில் ஒரு கார் கம்பெனியில் வேலை. ஆயுத பூஜை முடிந்த கையோடு அப்பா எங்களைக் கிளப்பிக்கொண்டு போனார். பள்ளிக்கூட லீவு பார்த்தார், டிக்கெட் விலை பார்த்தார், அது புரட்டாசி மாதம் என்பதை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. முட்டையும் கவுச்சிக் கணக்குத்தான். கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு, புரட்டாசியானால் முட்டை விலை விழுந்துவிடுகிறது என்று வருடந்தோறும் புலம்புகிற மனிதர் இதை எப்படி மறந்தாரோ!

அம்மா மறக்கவில்லை. பெட்டியில் துணிமணியைவிட அரிசியும் தொக்கும்தான் அதிகம்.

சித்தப்பா எங்களை வெராக்ரூஸ் என்ற கடற்கரை ஊருக்கு மூன்று நாள் கூட்டிப்போனார். தெரு முழுக்கத் தள்ளுவண்டிகள். முதல் நாள் ஒரு வேகவைத்த மக்காச்சோளக் கதிரை வாங்கி, வெள்ளையாக எதையோ தடவி, மிளகாய்ப்பொடி தூவி என் கையில் கொடுத்தார். "இதத்தானே நம்ம கோழிக்குப் போடறோம்" என்றார் அப்பா. நான் வாயைத் திறந்தேன். சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இந்த வெள்ளை இருக்குதுங்களே அண்ணி, இது முட்டையில செய்யறதுங்க" என்றார். கதிர் என் கையைவிட்டுப் போய்விட்டது. முட்டைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முட்டையால் வந்த கேடு. கடைசியில் அம்மா அனுமதித்தது மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய்க் கீற்று. அதைச் சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே தின்றிருப்பேன்.

மீன் வண்டிதான் என்னைக் கொன்றது. மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, சூடான சோள ரொட்டியில் வைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பாள் ஓர் அம்மாள். அந்த வண்டியைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. தாண்டும்போதெல்லாம் அம்மா வேறு நின்று, மாவில் என்ன கலக்கிறாள் என்று சித்தப்பாவை விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். திங்காதவளுக்கு எதற்கு இந்த விசாரணை என்று எனக்கு எரிச்சல்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் அந்த வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் விடிவதற்குள் எங்களுக்குப் பஸ். புரட்டாசிக்கும் அன்றே கடைசி நாள். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணி, இங்கதானுங்க மணி ஏழரை. ஊருல விடிஞ்சு ஐப்பசி ஒண்ணு ஆயிப்போச்சுங்க. சாமி அங்கதானுங்களே இருக்குது?"

அம்மா நம்பவில்லை. பண்ணையாளுக்குப் போன் போட்டு விடிந்துவிட்டதா என்று விசாரித்தாள். "விடிஞ்சு, கோழிக்குத் தீனியும் போட்டாச்சுங்க" என்று அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "செரி, தின்னுங்க" என்றாள்.

அப்பா ஆறு தின்றார். நான் மூன்று. அம்மா தொடவில்லை.

"எனக்கு வேண்டாஞ் சாமி. நீ தின்னு."

"நீ எப்பவுமே இப்படித்தாம்மா!" என்று கத்தினேன். அனுமதி கொடுத்த பிறகும் வீம்பு பிடிக்கிறாளே என்று அவ்வளவு கோபம்.

போன மாதம் பேச்சுவாக்கில், அன்றைக்கு ஏன் தின்னவில்லை என்று கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "சாமி எந்த ஊருக் கடியாரத்தப் பாக்குதோ, ஆரு கண்டா? பாவமுன்னு ஆயிருச்சுன்னா, உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஊட்டுல ஒருத்தராச்சும் திங்காம இருந்திருக்கோணுமல்ல?" பிறகு, "அது என்ன மீனு, வஞ்சரமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ருசியாக இருந்தது என்பது மட்டும்தான்.