நாற்பத்தெட்டு இலக்கம்

கடையில் வாங்கும்போதே என் லேப்டாப்பில் இயங்குதளத்தின் சாதாரண ‘ஹோம்’ பதிப்பு இருந்தது. மூன்று வருடம் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை ‘ப்ரோ’வாக மாற்றியது அண்ணனின் படங்களுக்காகத்தான். மாற்றாமலே இருந்திருக்கலாம் என்று ஆயிரம் முறை நினைத்தாயிற்று.

அண்ணனுக்குப் பேரிகைப் பக்கம் விவசாயம். புதிய தொழிற்பேட்டைச் சாலைக்காக அவர் நிலத்தில் ஒரு பகுதியை அரசாங்கத்தில் கேட்டிருந்தார்கள். அளக்க ஆள் வருவதற்கு முன்பே ஒப்பந்தக்காரரின் பொக்லைன் வந்துவிட்டது. ஓட்டியவரிடம் அண்ணன் தமிழில் சொன்னார், கன்னடத்தில் சொன்னார், தெலுங்கிலும் கத்தினார். ஒரே பகலில் கிணறு மூடப்பட்டது, காய்ப்பில் இருந்த பதினெட்டு மாமரங்களும் சாய்ந்தன. பிறகு வந்து அளந்தவர்கள் வெறும் தரை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கிணறும் மரமும் இருந்ததற்கு ஒரே சாட்சி, முந்தின வாரம் அண்ணன் தன் போனில் எடுத்திருந்த படங்கள்.

அவற்றை என் லேப்டாப்பில் ஏற்றினேன். அவர் போனில் துளி இடமில்லை. “எங்கிட்ட வந்துடுச்சுண்ணா, போன்ல இருக்கறத அழிச்சிடு” என்று சொன்னது நான்தான்.

“உங்கிட்ட இருந்தா பேங்க்ல இருக்கற மாதிரி” என்று சொல்லி அழித்தார்.

அடுத்த வாரம், படம் யாரிடம் இருக்கிறது என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஊரில் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஓசூரில் என் வீட்டுத் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் இரண்டு நாள் நின்றது. அது யாருடையதாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் எங்கள் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் வழி கேட்டேன். “ப்ரோவுக்கு மாத்தி டிஸ்க்க லாக் பண்ணிடுங்க சார். யாராலயும் தொறக்க முடியாது” என்றார்.

மாற்றுவது சுலபமாக முடிந்தது. இருபத்தைந்து எழுத்துச் சாவியை அடித்தேன், அணைந்து எழுந்தது, ப்ரோ என்றது. பூட்டும்போது நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, இதைத் தொலைத்தால் எதையும் திறக்க முடியாது என்று எச்சரித்தது. வேறெங்கும் சேமிக்க எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒரு தாளில் அச்சிட்டு மேசையில் வைத்தேன்.

நான் தர ஆய்வாளர். ஆவண எண்ணும் திருத்த எண்ணும் இல்லாத காகிதம் மேசையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆலையின் சட்டம். கண்டால் உடனே கிழிக்க வேண்டும். இருபது வருடப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை என் மேசையைச் சுத்தம் செய்வேன், மனைவி தணிக்கை நடக்கிறது என்று கேலி செய்வாள். அந்தச் சனிக்கிழமையும் செய்தேன். பழைய மின்கட்டண ரசீதுகளோடு ஆவண எண் இல்லாத ஒரு தாளும் இருந்தது. நாலாகக் கிழித்தேன். குப்பை வண்டி வரும் நேரம் என்பதால் கையோடு கொண்டுபோய்ப் போட்டும் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை லேப்டாப் தானாக ஏதோ புதுப்பித்துக்கொண்டது. மறுபடி எழுந்தபோது நீலத் திரையில் நாற்பத்தெட்டு இலக்கத்தைக் கேட்டது. தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“அந்தப் பேப்பர் இருக்குதில்ல சார்?” என்றார் கணினிக்காரர். சனிக்கிழமை கிழித்துப் போட்டதைச் சொன்னேன். லேப்டாப்பை மூடி என் பக்கமே நகர்த்தினார். “அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது சார்” என்றார்.

வியாழக்கிழமை கிருஷ்ணகிரியில் நில இழப்பீட்டு விசாரணை. பஸ்ஸில் அண்ணன் வேகவைத்த கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தார். குருபரப்பள்ளி தாண்டினால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தாண்டியது. இறங்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இறங்கியும் ஆயிற்று. லேப்டாப் பை தோளில் இருந்தது. அதை எதற்காக எடுத்துவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

“கிணறு, மரம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஆதாரம் இருக்கா?” என்றார் அதிகாரி.

“இருக்குதுங்க, தம்பிகிட்ட இருக்குது” என்றார் அண்ணன். “கம்பெனில இன்ஸ்பெக்டருங்க. ஒரு துண்டுக் காகிதம்கூட அவங்கிட்ட தொலையாது.”

பிறகு அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, மேசையிலிருந்த கோப்புகளை ஓரமாக நகர்த்தி, லேப்டாப் வைக்க எனக்கு இடம் செய்து கொடுத்தார்.