விரத நாளில் வந்த வைன்

தொண்ணூறுகளின் கடைசியில், டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் பிடித்துப் போய் நான் கோப்பை கழுவிய ரெஸ்டோரன்டில், வைன் பரிமாறியவரும் யாழ்ப்பாணத்தவர்தான். மெலிந்தவர். ஊற்றுமுன் வெறும் கிளாசையும் மணந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை விரதத்தில் மட்டும் வைனை நாவில் வைக்கமாட்டார்.

ஒருநாள் புது வெள்ளை வைனோடு குசினிக்குள் வந்தார்.

"எரிமலை மண்ணில விளைஞ்ச திராட்சை. மாட்டுக்கொம்புக்குள்ள சாணம் அடைச்சு நிலத்துக்குள்ள தாட்டு, அதைத்தான் பசளையாப் போடுறாங்கள். எனக்கு இண்டைக்கு விரதம். நீர் குடிச்சுப் பார்த்துச் சொல்லும்."

"இனிப்பே இல்லை அண்ணை. நெருப்புக்குச்சி உரசின மணம். பிறகு உப்புப் போட்ட தேசிக்காய்ப் புளிப்பு."

அதையே போய் மேசையில் இருந்தவர்களுக்குச் சொன்னார். திரும்பி வந்து, "ரெண்டு போத்தல் கேட்கினம். நாளைக்கு வெள்ளைச் சேர்ட்டோட வாரும், என்னோட வெளியில நிண்டு பரிமாறலாம்" என்றார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குப் புதன்கிழமை.