டிரைவர் கண்ணசந்த மத்தியானம்

காரைக்கால் மண்டபத்தூர் அமிர்தலிங்கத்துக்குத் தூக்கம் போனது இலங்கைச் சிறையில். எல்லை தாண்டினார்கள் என்று அவர் ஓட்டிய விசைப்படகோடு ஆட்களையும் பிடித்துக்கொண்டு போய், இரண்டு மாதம் கழித்து விட்டார்கள். மற்றவர்களுக்குக் கையெழுத்தோடு போயிற்று. டிரைவரான அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்தால் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று எச்சரித்தார்கள். அன்றிலிருந்து கண்ணை மூடினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அதற்காகக் கடலுக்குப் போகாமல் இருந்தால் வயிறு கேட்குமா? வேறொரு முதலாளியின் படகில் ஏறினார். அங்கே தூங்காமையே அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. "நம்ம டிரைவரு கோட்டான் மாதிரி முழிச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு உடன் வந்த ஆட்கள் ஆறு பேரும் குறட்டை விட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். தூக்கத்தில் மட்டும் வெட்கமே கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மச்சான் அன்பழகன், சீன மருந்துக்கடை மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏதோ மரத்துப் பட்டையாம். மனப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் சீனர்கள் காலங்காலமாகச் சாப்பிடுவதாம். மகள் பாரதிப்ரியா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"இதப் போட்டுட்டு வண்டி, மிஷினெல்லாம் ஓட்டக்கூடாதுன்னு இருக்குப்பா."

"நான் எங்க வண்டி ஓட்டுறேன்? கடல்ல போட்டுதான ஓட்டுறேன்" என்றார். சிரிக்கட்டும் என்று சொன்னதுதான். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

கரையில் இருந்தபோது ஒரு மாத்திரை போட்டுப் பார்த்தார். பட்டையின் குணமோ மச்சானின் கைராசியோ, அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார். அதோடு புதுக் கவலையும் பிடித்துக்கொண்டது. கடலில் மாத்திரை போடாவிட்டால் பொட்டுத் தூக்கமில்லை. போட்டாலோ, தூங்குகிற நேரத்தில் படகு அந்தப் பக்கம் போய்விட்டால்?

அடுத்த தடவை போனபோது, தூங்காமல் கிடந்த மூன்றாம் நாள் மத்தியானம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலை சாய்ந்துவிட்டது. திடுக்கிட்டு ஜிபிஎஸ்ஸைப் பார்த்தார். படகு எல்லையை ஒட்டி வந்திருந்தது. படகைத் திருப்பினார். ஆட்களை எழுப்பி, எல்லார் எதிரிலும் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"கதிரவா, ஸ்டியரிங்கப் புடி. நான் தூங்கிருவேன். எல்லையப் பாத்துக்க."

கதிரவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

அவர் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பதறிக்கொண்டு எழுந்தார். எதிரே காரைக்கால் கலங்கரை விளக்கம் தெரிந்தது. பாதியிலேயே வலையை வாரிப் போட்டுக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார்கள். ஆறு பேரும் கண் சிவக்க ஜிபிஎஸ்ஸைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்டா இங்க ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

"பயமா இருந்துச்சுண்ணே" என்றான் கதிரவன். "நீங்க தூங்குறப்ப நாங்க எப்புடிண்ணே தூங்குறது?"

அமிர்தலிங்கத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப இத்தன நாளும் எப்புடிடா தூங்குனீங்க?"