டாக்டரின் விமானமும் ஒரு குளவியும்

எண்ணெய்க் கசிவு பிடிக்கும் தொழிலில் முதல் பாடம், எண்ணெய் தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது என்பதுதான். ஹாலில் சொட்டும் தண்ணீர் மாடி பாத்ரூமிலிருந்து வருகிறது என்று கேட்டுத் தலையில் கை வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும். மெல்போர்னுக்கு மேற்கே, வெரிபீ தாண்டி ஒரு சின்ன விமானத் திடலில் நான் மெக்கானிக். என்னிடம் வரும் ஒழுக்குகள் ஆகாயத்தில் பறப்பவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வயிறெல்லாம் எண்ணெய்

சிவநேசன் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை தன் சொந்த விமானத்தில் கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். ஒற்றை எஞ்சின், என்னைவிடப் பத்து வயது மூத்தது. கடலுக்கு நடுவே எண்ணெய் தீர்ந்தால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். இறங்கக் கீழே தண்ணீர்தான் உண்டு.

பிப்ரவரி வெயிலில் ஒருநாள் விமானத்தை என் ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தால் வால் வரைக்கும் வயிற்றில் கறுப்பு வரிகள். "இந்தத் தடவை போகாதீங்க டாக்டர்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"அங்கால நாப்பது சனம் பாத்துக்கொண்டு இருக்குது தங்கச்சி, கெதியாச் செய்து தாங்கோ."

பவுடர் பூச்சு

எஞ்சினைக் கழுவித் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முகப் பவுடரை மேலே தூவினேன். எங்கள் தொழிலில் இது பழைய வழி. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் வெள்ளையில் எண்ணெய் தன் தடத்தைத் தானே காட்டிவிடும். புரொபெல்லருக்குப் பின்னாலிருந்து மெல்லிய பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. அங்கே எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் சீல் வயதாகிக் கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. ஐம்பது வருடம் வெந்த எஞ்சின் இந்த ஒரு ரப்பரைத் தவிர எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்ததைப் பார்த்து எனக்குக் கும்பிடத் தோன்றியது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"திருநீறு பூசிப்போட்டியள், இனி ஓடாமல் எங்க போறது?"

விருந்தாளி

புது சீல் வர பத்து நாள் ஆனது. வெக்கைக்காக ஷெட் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். ஒரு மண்குளவி வருவதும் போவதுமாக இருந்தது. என்னோடு வேலை செய்யும் ஸ்டீபன், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், பூச்சி மருந்து டப்பாவோடு கிளம்பினார். நான்தான் தடுத்தேன். குளவி கூடு கட்டினால் அந்த இடத்தில் பிள்ளை பிறக்கும் என்று கோயமுத்தூரில் எங்கள் வீட்டில் யாரும் கலைக்கமாட்டார்கள். ஸ்டீபனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

"சரிக்கா, உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் லா."

கண்ணாடியில் மழை

புது சீலை மாட்டினேன். தரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் ஒரு சொட்டு இல்லை. பறக்கலாம் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கடல் தாண்டுவதற்கு முன்னால் திடலை ஒரு சுற்று வரட்டும் என்று டாக்டரை அனுப்பினேன். மூன்றாவது நிமிடமே இறங்கிவிட்டார். முன்கண்ணாடி முழுக்க எண்ணெய். பக்கத்து ஜன்னல் வழியே பார்த்து இறக்கியிருக்கிறார். என் சீல் பிதுங்கி வெளியே தொங்கியது. அவர் நேரே கடலுக்குப் போயிருந்தால் என்ற நினைப்பை முழுசாக நினைக்கக்கூட முடியவில்லை. ஸ்டீபன் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் பாவம்க்கா, உள்ளேருந்து என்னமோ தள்ளியிருக்கு."

மண் வீடு

எஞ்சினுக்கு மூச்சுவிட ஒரு குழாய் உண்டு. உள்ளே சேரும் காற்றழுத்தம் அதன் வழியாகத்தான் வெளியேறும். அதில் கம்பியை விட்டேன். இரண்டு அங்குலத்தில் முட்டியது. தட்டித் தட்டி எடுத்தால் காய்ந்த மண், அதற்குள் அறை அறையாகச் சிலந்திகள், நடுவே வெள்ளையாக ஒரு புழு. வாய் வாயாக மண் சுமந்து, ஒரு சின்னப் பூச்சி பத்தே நாளில் இத்தனை குதிரைசக்தியின் மூச்சை அடைத்திருக்கிறது! வேகம் அளக்கும் குழாய்க்குப் பூச்சி புகாமல் சிவப்பு உறை மாட்ட மறக்காத நான், இந்தக் குழாயைத் திறந்தே விட்டிருந்தேன். கோபம் என் மேல்தான். குளவி மேல் எனக்கு இருந்தது முழு மரியாதை. ஸ்டீபன் அந்த மண்ணைக் கையில் ஏந்திக்கொண்டார்.

"தொட்டில் என் வீட்டுல ஆடலக்கா, இங்கதான் ஆடியிருக்கு லா."

ஒப்புதல்

டாக்டரிடம் மறைக்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். சீலே சரியில்லாத சரக்கு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். கடைசியில், கதவு திறந்திருந்தது, குளவியை விடச் சொன்னது, குழாயைப் பார்க்காமல் அனுப்பியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இனி வேறு ஆளிடம் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து அந்தக் குழாயின் வாயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஓம், பிழை உங்கடதான், அதால புதன்கிழமை நீங்களும் என்னோட வாறியள்."

நீலம்

குழாயைச் சுத்தம் செய்து, உபரியாக வாங்கியிருந்த இன்னொரு சீலை மாட்டி, திடலைச் சுற்றிச் சோதித்த பின், புதன்கிழமை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரை மறைந்ததும் சுற்றிலும் நீலம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலம். எனக்கு நீச்சல் தெரியாது. எண்ணெய் அழுத்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கிழட்டு எஞ்சின் ஒரு தும்மல்கூட இல்லாமல் எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு போயிற்று. பெருமை, பயம், பக்தி மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்து வந்தன. தீவில் இறங்கியதும் முதல் வேலையாகப் புல்லில் மல்லாந்து படுத்து விமானத்தின் வயிற்றைத் தடவினேன். கை சுத்தமாக வந்தது. டாக்டர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"நான் ஒவ்வொரு முறையும் உங்கட கையெழுத்தில ஏறித்தான் வாறனான், இண்டைக்குத்தான் நீங்கள் அதில ஏறியிருக்கிறியள்."

அன்றிலிருந்து ஒரு கையெழுத்துப் போட எனக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது, வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள், ஆனால் அவர்களில் யாரும் தன் கையெழுத்தில் தானே ஏறி உட்கார்ந்து கீழே கடலைப் பார்த்துக்கொண்டு போன மெக்கானிக் இல்லையே.