ரிசல்ட் அன்று வந்த ஸ்பீக்கர் செட்

ரிசல்ட் வந்த அன்று எங்கள் லயத்து வீடான ஒற்றைக் காம்பராவில் அம்மா இருந்தார், கைக்குழந்தையோடு அக்கா இருந்தார், கொழும்பிலிருந்து முதல்நாளே வந்துவிட்ட மாமா இருந்தார். அப்பா மட்டும் இல்லை. காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் போய்விட்டார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

உக்குவளைக்கு மேலே உள்ள தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை செய்கிற தோட்டம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அப்பா பள்ளிக்கூடம் போன காலம் மிகவும் கொஞ்சம். எங்கள் வீட்டிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். மாமா வந்ததற்கும் அதுதான் காரணம்.

"பாஸாகலைன்னா பையக் கட்டு மருமகனே. எங்க புடவைக் கடையில ஆள் கேக்குறாங்க. நாளைக்குக் காலையில பஸ்ஸு."

தோற்றால் கொழும்பு. அதை யாரும் மறைத்துப் பேசவில்லை.

அக்காவின் போனுக்கு ஜன்னலோரத்தில்தான் சிக்னல். சுற்றிச் சுற்றி நின்ற ரிசல்ட் பக்கம் ஒருவழியாகத் திறந்தது. வணிகக் கல்வி பாஸ். பொருளியலும் கணக்கீடும் பெயில். அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்டோ மேடேறி வந்தது. அதன் கூரையில் இரண்டு பெரிய புனல் ஸ்பீக்கர்கள். உள்ளே டவுனில் செட் வாடகைக்கு விடும் முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா. அவருக்குப் பக்கத்தில், மடியில் லட்டுப் பெட்டியோடு அப்பா.

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். கல்யாணமோ சடங்கோ திருவிழாவோ, தேதி குறித்தால் நடந்துவிடும். செட்டை முன்கூட்டியே பேசாவிட்டால் அன்றைக்குக் கிடைக்காது. பரீட்சை ரிசல்ட்டும் அப்படி ஒரு விசேஷம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வேறுவிதமாக நினைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

நான் வெளியே போவதற்குள் ஒரு ஸ்பீக்கர் பலாமரத்தில் ஏறிவிட்டது.

"என்னடா, வந்திருச்சா?"

"வந்திருச்சுப்பா. ரெண்டு பாடம் பெயில்."

மரத்தில் இருந்த நானா கயிற்றைப் பிடித்தபடி கீழே பார்த்தார். "கழட்டவா அண்ணே?"

"கழட்டுனா காசு திரும்பக் கிடைக்குமா நானா?"

"எப்படி அண்ணே? இன்னைக்கு வந்த வேற ஓடரையும் விட்டுட்டுல்ல வந்தேன்."

அம்மா வாசலில் வந்து நின்றார். "இதுக்குத்தான் வெள்ளச் சட்டையா? பொண்ணு பாக்க முன்னாடி யாராச்சும் பந்தல் போடுவாங்களாங்க?"

அதற்குள் லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். "என்ன விசேசம்? தம்பி பாஸா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா லட்டுப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தார். நானாவிடம் மைக்கை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஹலோ... ஹலோ... எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க பய பெயிலுங்க."

யாரோ சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

"ரெண்டு பாடத்துலதான். ஒன்னு பாஸு. அடுத்த தடவ திரும்ப எழுதுவான். லட்டு வாங்கியாச்சு, வந்து சாப்பிட்டுப் போங்க."

பிறகு பாட்டு. காம்பராவுக்குப் பின்னால் கொக்கோ மரத்தடியில் உட்கார்ந்து அத்தனை பாட்டையும் கேட்டேன். இருட்டும் நேரத்தில் மாமா வாயில் லட்டோடு வந்தார்.

"போச்சு. தோட்டத்துக் கீழ் டிவிசன் வரைக்கும் கேட்டிருக்கு. இனி உன்னையக் கூட்டிட்டுப் போனா, எழுதப்போற பயல எங்கடா கொண்டு போறேன்னு என்னையத்தான் புடிப்பாங்க."

மறுநாள் பஸ்ஸில் மாமா தனியாகப் போனார்.

அதுவரை வகுப்பில் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் ஆள் தெரியாது என்று சொல்லலாமா? கணக்கீட்டில் ஐந்தொகையின், அதாவது பேலன்ஸ் ஷீட்டின், இரண்டு பக்கமும் சரிவராதபோது, வித்தியாசத்தை ஏதாவது ஒரு பெயரில் எழுதிச் சமப்படுத்திவிடுவேன். கொப்பி மட்டும் பார்க்க அழகாக இருக்கும். திரும்ப டியூஷனுக்குப் போன அன்று, "மைக்கில பெயிலானவன் வந்துட்டான்டா" என்று பின்வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஆனால் கணக்கீடு படிப்பித்த சேர் "விளங்கிச்சா?" என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. "இல்ல சேர்." ஊருக்கே தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அந்த வருடம் முழுக்க அவரை நான் விடவில்லை.

அடுத்த தடவை மூன்றும் பாஸ். நானா எங்கிருந்தோ கேள்விப்பட்டு அப்பாவுக்குப் போன் எடுத்தார். "அண்ணே, செட் கொண்டு வரவா? பாதிக் காசுக்குத் தாறேன்."

"வேணாம் நானா. போன தடவ போட்டதே போதும்."

இப்போது அதே டியூஷன் வகுப்பில் நான் கணக்கீடு படிப்பிக்கிறேன். பஸ்ஸில் வரும்போது ஏதாவது ஒரு கோயில் பக்கமிருந்து புனல் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டால், அந்தச் சாயங்காலமும் லட்டு வாசமும் அப்பாவின் வெள்ளைச் சட்டையும் அப்படியே வந்து நிற்கின்றன. மகனைப் படிக்க வைக்க எவ்வளவு செலவானது என்று யாராவது கேட்டால், அப்பா பஸ் காசைச் சொல்வதில்லை, டியூஷன் காசையும் சொல்வதில்லை. செட்டையும் லட்டையும் மட்டும் கூட்டிச் சொல்வார்: பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.