மாடியில் ஒரு சமத்துவ வகுப்பு

அலுவலகங்களில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சமத்துவம். முதலில் 'சமத்துவம் மேடம்' என்றுதான் இருந்தது. போகப்போக மேடம் உதிர்ந்துவிட்டது. "இன்னிக்கு சமத்துவம் வருதாம், மத்தியானத்துக்கு மேல வேலை இருக்காது" என்று வாசலிலேயே யாராவது சொல்வது காதில் விழும். கேட்காதவள் போல உள்ளே போவாள். வேலை செய்யும் இடத்தில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, வேறு மொழிக்காரர் என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த வகுப்பை நடத்தியாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால் கூப்பிட்டார்கள். இல்லாவிட்டால் வாசல் காவலரைத் தாண்டியிருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. சின்ன வயதில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தாள். இரண்டாவது பிரசவம் முடிந்து திரும்பியபோது அவள் மேசையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பழைய கோப்புகள் அடுக்கிய அறையில், ஜன்னல் இல்லாத மூலையில், ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார்கள். மேலிடத்துக்குப் புகார் கொடுத்தாள். பதில் வராதபோது மறுபடி கொடுத்தாள். கடைசியில் மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊழியர்களுக்குச் சமத்துவம் பற்றி எடுத்துச்சொல்லும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்துவிட்டார். வாயை அடைக்க, வாயால் பிழைக்கிற வேலை. மேசை மட்டும் கடைசிவரை திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு பயிற்சி நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் தொண்டை கட்டும் வரை பேசினாள். வகுப்பு முடிந்தபின் ஓரமாக வந்து அழுத பெண்கள் உண்டு, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போன ஆண்களும் உண்டு. அந்த நாட்களின் சூடு எப்போது ஆறியது என்று அவளுக்கே தெரியாது. ஐம்பத்தைந்தைத் தாண்டியபோது முழங்கால் வலித்தது. வகுப்பில் சிரிக்க வைக்கிற இடத்தில், கேட்பவர்கள் சிரிப்பதற்கு முன்பே அவளுக்கு அலுத்துவிட்டது.

அவள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அவள் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஊரெல்லாம் போய் வேலையைப் பங்கு போட்டுக்கங்கன்னு சொல்றே. வீட்ல நீயேதான் எல்லாத்தையும் தேய்க்கிறே. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நாள் பூரா சொல்லிட்டு வரேன். இங்கயும் சொல்லத் தெம்பு இல்லங்க. நீங்களா பாத்து எழுந்தா உண்டு."

அன்றைக்கு எழுந்து தேய்த்தார். மறுநாள் மறந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி நிறுவனத்தை முதலாளியின் மகள் ஏற்று நடத்த ஆரம்பித்தாள். நல்ல பெண். இவளைக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, இனிமே எல்லாம் போன்லதான். இருபது நிமிஷம் பாடம், பத்து கேள்வி, பட்டனை அழுத்தினா முடிஞ்சுது. உங்க குரலைப் பதிவு பண்ணிக்கறோம். எந்த மொழி வேணும்னாலும் கம்ப்யூட்டரே அதே குரல்ல பேசிடும்."

"அப்ப நான்?"

"நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. எவ்வளவு காலம்தான் அலைவீங்க."

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒப்புக்கொண்டிருந்த சில வகுப்புகள் மட்டும் பாக்கி. அதில் ஒன்று அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில். கூட்ட அறை இரண்டாம் மாடியில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, பணியாளர் அதிகாரியிடம் வழக்கம்போல எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டாள்.

"வந்தாச்சு மேடம். கீழ பசை ஒட்டற இடத்துல ஒருத்தங்க மட்டும். சக்கர நாற்காலி. லிப்ட் சரக்குக்கு மட்டும்தான், ஆள் ஏறக்கூடாது. அவங்களை போன்ல பாத்துக்கச் சொல்லிட்டோம். இப்பதான் உங்க கம்பெனியோட சோதனைப் பாடம் போன்ல வந்துடுச்சே."

அவளுக்குப் பின்னால் திரையில் 'எல்லாருக்கும் இடம் உண்டு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. முன்பானால் அதிகாரியை அங்கேயே பிடிபிடியென்று பிடித்திருப்பாள். இப்போது ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"வாங்க, கீழ போய்ப் பேசுவோம்."

"இப்பதானே மேடம் ஏறி வந்தோம்" என்றது பின்வரிசை. முனகிக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள். அவள்தான் கடைசியாக வந்து சேர்ந்தாள்.

கீழே பசை வாடை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் போனை டப்பாவில் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது.

வகுப்பு எடுபடவில்லை. இயந்திரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. 'மாற்றுத்திறனாளி' என்று சொன்னபோதெல்லாம் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. சீக்கிரமே முடித்துக்கொண்டாள். கூட்டம் கலைந்தபின் அந்தப் பெண் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்களை யாரு மேடம் இறங்கி வரச் சொன்னா?"

"எல்லாரும் மேல இருக்கும்போது நீங்க மட்டும் தனியா..."

"எனக்கு அதுதான் நிம்மதி. என்னை யாரும் பாக்காத நேரம் வருஷத்துல அந்த ஒரு மணி நேரம்தான். இனிமே என்னாலதான் ரெண்டு மாடி ஏறி இறங்கினோம்னு ஒரு மாசத்துக்குப் பேசுவாங்க."

  வகுப்பெடுக்க வந்தவள் பக்கத்தில் கிடந்த அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"தப்புதாம்மா. உங்களைக் கேட்டுட்டு வந்திருக்கணும்." முழங்காலைத் தடவினாள். "இப்பக் கேக்கறேன். இங்க எது கஷ்டமா இருக்கு?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"தெரியல. அடுத்த மாசம் எனக்கே வேலை இல்ல."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சொன்னாள். நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு உள்ள கழிப்பறை தரைத்தளத்தில் ஒன்றே ஒன்று. அது விருந்தாளிகளுக்கு. சாவி அதிகாரியின் மேசையில். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் முன்னால் போய்க் கேட்க வேண்டும்.

"அதனால காலையில வீட்ல குடிக்கற தண்ணியோட சரி. அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான்." போனைக் காட்டினாள். "இந்தப் பாடத்துல பத்துக்குப் பத்து வாங்கிட்டேன் மேடம்."

அவள் எழுந்து அதிகாரியிடம் போனாள்.

"விருந்தாளிங்க பாத்ரூம் சாவி குடுங்க."

கொடுத்தார். அதை நேரே கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சாவி இனிமே அவங்ககிட்ட இருக்கும். விருந்தாளி வந்தா அவங்களைக் கேட்டு வாங்கிக்கங்க."

"மேலிடத்துல கேட்டா நான் என்ன மேடம் சொல்றது?"

"சமத்துவம் வந்து எடுத்துட்டுப் போயிடுச்சுன்னு சொல்லுங்க."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பட்டப்பெயர் அவளுக்கே தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தொழிற்சாலை புகார் செய்தது. முதலாளியின் மகள் போனில், "கடைசி நேரத்துல உங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்று வருத்தப்பட்டாள். இவள் சொன்ன தேதியில் போய்க் குரலைப் பதிவு செய்து கொடுத்தாள். பாடத்தின் முடிவில் 'இங்கே உங்களுக்கு எது கஷ்டம்?' என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னாள்.

"அந்தப் பதிலையெல்லாம் யாருக்கா படிப்பா?"

"நான் படிக்கறேன்."

"பாக்கலாம்க்கா."

அவள் குரலில் பாடம் வெளிவந்தபோது அந்தக் கேள்வி இல்லை. கைதட்டும் ஓசையோடு முடிந்தது.

வீட்டில் இருக்க ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து, தொழிற்சாலைப் பெண் எப்படியோ போன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். மத்தியானத் தூக்கத்தில் இருந்தவள் தட்டுத்தடுமாறி எடுத்தாள். சாவியைத் திருப்பிக் கேட்டார்களாம், தான் கொடுக்கவில்லையாம். இப்போது கர்ப்பமாக இருக்கும் இன்னொரு பெண்ணும், கால் அடிபட்ட கிடங்குக்காரரும் வந்து வாங்கிப் போகிறார்களாம்.

"மத்தபடி எல்லாம் அப்படியேதான் மேடம். நீங்க எப்படி இருக்கீங்க?"

"தூங்கறேம்மா. எழுந்தா மறுபடியும் தூக்கம் வருது."

"தூங்குங்க மேடம். நான் அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். சமையலறையில் வீட்டுக்காரர் எதையோ தேடி உருட்டும் சத்தம் கேட்டது. என்னவென்று கேட்க வாயெடுத்தவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். இத்தனை வருட அசதி ஒரு மாதத்தில் போய்விடும் என்று நினைத்தது தப்புக் கணக்கு.